சலங்கை சலிக்காமல் ஒலிக்க...

"ஆடும்போது ஒண்ணும் தெரியலம்மா. மாடிப்படி இறங்கும்போதுதான் முட்டி வலிக்குது!"

நாட்டியம் கற்கும் பெண் இப்படிச் சொன்னால் பல வீடுகளில் என்ன நடக்கும்? கொஞ்சம் தைலம், கொஞ்சம் வெந்நீர் ஒத்தடம். மறுநாள் காலை மறுபடி வகுப்பு. 'அரங்கேற்றத்துக்கு மூணு மாசம்தானே இருக்கு, பல்லைக் கடிச்சிட்டு ஆடிடு!'

அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைக்கப் போகிறவளுக்கே இது ஆபத்து. 'நான் இதையே தொழிலா எடுத்துக்கப் போறேன்' என்று சொல்லும் பெண்ணுக்கோ, அந்தக் கால்கள் மூன்று மாதமல்ல, முப்பது வருஷம் உழைத்தாக வேண்டும். 'டான்ஸ் சோறு போடுமா?' என்று கேட்கிற நாம், 'உடம்பு தாங்குமா?' என்று கேட்பதே இல்லை. உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். ஆட முடியாத மாதத்தில் நாட்டியக் கலைஞருக்குச் சம்பளமும் கிடையாது, மெடிக்கல் லீவும் கிடையாது!

அரைமண்டியும் முட்டியும்

பரதநாட்டியத்தின் அடித்தளம் அரைமண்டி. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை விரித்து, பாதி உட்கார்ந்த நிலை. இந்தத் திருப்பம் வர வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. ஒவ்வொருவரின் இடுப்பு எலும்பு அமைப்பும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு நன்றாகத் திரும்பும், சிலருக்குக் குறைவாகத்தான் திரும்பும். குறைவாக உள்ளவர் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அந்த முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கும் முட்டியில் போய் விழுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பெண்ணைக் கண்ணாடி முன் அரைமண்டியில் நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் பார்க்கும் திசையும் பாதம் பார்க்கும் திசையும் ஒன்றாக இருக்கிறதா? முட்டி உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் திருப்பத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இடுப்பு, தொடைத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் சில நாளில் கற்றுத் தந்துவிடுவார்.

தரை எது?

மொட்டை மாடி, மொசைக், கிரானைட்... நம் ஊரில் பெரும்பாலான வகுப்புகள் நடப்பது இவற்றில்தான். அடியில் கான்கிரீட். வெறுங்காலால் ஓங்கித் தட்டும்போது அந்த அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ளாது, எலும்புதான் வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் மரத்தளம் உள்ள இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கிடைக்காதவர்கள் எல்லா அடவையும் எல்லா முறையும் முழு பலத்தோடு தட்ட வேண்டியதில்லை. ஜதியை மனப்பாடம் செய்யும்போது மெதுவாகத் தட்டினால் போதும். வாரத்தில் ஒரு நாளாவது காலுக்கு முழு ஓய்வு கொடுங்கள்.

கணுக்காலுக்கு மேலே, முன்னங்கால் எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலிக்கிறதா? ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா? எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும். 'எக்ஸ்ரே நார்மல்தானே' என்று மறுபடி ஆடாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில வார ஓய்வில் சரியாகிவிடும். கண்டுகொள்ளாமல் ஆடினால் விரிசல், முறிவாகிவிடக்கூடும்.

பட்டினி அழகு வேண்டாம்

'மேடையில குண்டா தெரியறே' என்ற ஒரு வார்த்தை போதும், பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். தினமும் மணிக்கணக்கில் ஆடும் உடம்புக்குத் தேவையான சாப்பாடு போகாவிட்டால், அது முதலில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும். பிறகு எலும்பைப் பலவீனமாக்கும். 1992-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் இதை ஒரு சங்கிலியாக எடுத்துச் சொன்னார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, ஆண்களுக்கும் இந்தப் பாதிப்பு உண்டு என்றது.

மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால், 'டான்ஸ் ஆடுற பொண்ணுக்கு அப்படித்தான்' என்று விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு வலுவைச் சேமிக்கும் வயது இருபதுகளோடு முடிந்துவிடும். பால், தயிர், எள், கீரை, கேழ்வரகு எல்லாம் தினசரிச் சாப்பாட்டில் இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது!

தொண்டையும் மூலதனம்தான்

நாட்டியத்தில் நிலையான வருமானம் பலருக்கு மேடையிலிருந்து வருவதில்லை, வகுப்பிலிருந்துதான் வருகிறது. தட்டுக்கழி சத்தத்துக்கும் முப்பது குழந்தைகளின் கால் சத்தத்துக்கும் மேலே கத்திக் கத்திச் சொல்லுக்கட்டு சொன்னால் குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் வரலாம். சட்டையில் மாட்டும் சின்ன மைக் வாங்குங்கள். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே பத்து நிமிஷம் பேசாமல் இருங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஈ.என்.டி. டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

நாட்டிய வாழ்க்கை கால் வேகத்தோடு முடிவதில்லை என்பதற்குக் கலாநிதி நாராயணனே சாட்சி. 1928-ல் பிறந்த அவர், இளம் வயதில் திருமணத்தோடு ஆட்டத்தை விட்டவர். 1973-ல், நாற்பதைத் தாண்டிய பிறகு, அபிநயம் கற்றுத்தர ஆரம்பித்தார். ஒரு தலைமுறைக் கலைஞர்களே அவரிடம் பாடம் கேட்டார்கள். 1985-ல் பத்மபூஷண் கிடைத்தது. அபிநயம், நட்டுவாங்கம், பாட்டு என்று இன்னொன்றையும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டால், கால் ஓய்வு கேட்கும் நாளில் கை கொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு கணக்கு

அரங்கேற்றத்துக்கு மண்டபம், பட்டுப் புடவை, நகை, பக்கவாத்தியம், வீடியோ, சாப்பாடு என்று பட்டியல் போடுகிறோமே, அதில் ஒரு வரி சேருங்கள்: பிசியோதெரபிஸ்ட். இன்னொரு வரி: பெண்ணின் பெயரில் ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ். மூன்றாவதாக, ஆட முடியாத மாதங்களுக்கென்று அவள் பெயரில் பேங்கில் கொஞ்சம் பணம். சாப்பாட்டில் ஒரு ஸ்வீட்டைக் குறைத்தால் விருந்தாளிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

அடுத்த முறை பெண் படியில் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தால் தைலத்தைத் தேடாதீர்கள். "எங்கேம்மா வலிக்குது? எத்தனை நாளா?" என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் சலங்கை ரொம்ப வருஷம் ஒலிக்க வேண்டும் என்றால், முதலில் அவள் வலி நம் காதில் விழ வேண்டும்.