ஜீப்புக்கு இரும்பு பம்பர் வைக்கலாமா? அபராதம் 5 ஆயிரம், உயிருக்கும் ஆபத்து!

காரைக்கால்: குரும்பகரம் பக்கம் வயல் வரப்பு, வாய்க்கால் பாதை என்று ஜீப்பும் பிக்கப் வேனும் ஓட்டுகிறவர்களுக்கு முன்பக்கம் ஒரு கனமான இரும்பு பம்பர் இருந்தால்தான் தெம்பு. ராத்திரியில் மாடு குறுக்கே வரும், திருப்பத்தில் மரம் இடிக்கும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் பைப்பை வளைத்து, பிளேட் வைத்து, சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்து விடுவார்கள். வண்டியும் பார்க்க ஜோராக இருக்கும்.

ஆனால் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. இதைச் சுட்டிக்காட்டி, வெளியில் செய்து மாட்டும் பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு கடிதம் எழுதியது. 2020 இறுதியில் தமிழகத்தில் அதிகாரிகள் வண்டிகளை ரோட்டில் நிறுத்தி பம்பரை கழற்ற வைத்தனர்.

2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். "நம்மது புதுச்சேரி வண்டி, தமிழ்நாட்டு சட்டம் நமக்கு எதுக்கு?" என்று கேட்க முடியாது. எல்லை தாண்டினால் சரக்கு விலை மாறலாம், இந்த சட்டம் மாறாது. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம் போனாலும், தெற்கே நாகப்பட்டினம் போனாலும் ஒரே கதைதான்.

சரி, பலமான இரும்பு எப்படி ஆபத்தாகும்? விஷயம் இங்கேதான். இன்றைய வண்டிகளின் முன்பகுதி நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. மோதும் வேகத்தை அந்தத் தகரம் மடங்கி மடங்கி வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்கு அடி குறையும். கெட்டியான பம்பர் நசுங்காது. வாங்க வேண்டிய அடியை அப்படியே சேஸிஸுக்கு தள்ளிவிடும். அது கடைசியில் டிரைவரின் நெஞ்சில் வந்து இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு என்பதையும் மறக்கக்கூடாது.

ஏர்பேக் விஷயம் இன்னும் மோசம். வண்டியின் வேகம் திடீரென எப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் சென்சார் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அது விரிந்தாக வேண்டும். முன்னால் கனமான இரும்பு இருந்தால் இந்தக் கணக்கு குழம்பும். லேட்டாக விரிந்தால் விரிந்தும் பயனில்லை. ஏர்பேக் இல்லாத பழைய ஜீப்பாச்சே என்று சிலர் சொல்லலாம். அதிலும் எதிரே சைக்கிளில் வரும் பள்ளிக்கூட பையன் மீது படுவது இரும்புக் கொம்புதான். அது பானெட் மாதிரி மடங்கிக் கொடுக்காது.

கடற்காற்று வேறு இருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென இருக்கும். பைப்புக்குள்ளே வெல்டிங் வைத்த இடத்தில் துரு தின்றிருக்கும். பலம் என்று நம்பியது முதல் இடியிலேயே பிய்ந்து போகலாம். அந்த எடையை வருஷக்கணக்கில் சுமப்பது முன்பக்க பட்டையும் ஷாக் அப்சார்பரும்.

கம்பெனியே மாட்டிக் கொடுத்த பம்பர் துருப்பிடித்தால் அதே மாதிரி புதுசு வாங்கி போடுவது வேறு. அதில் தகராறு இல்லை. வண்டியில் எந்த வெல்டிங் வேலை என்றாலும் முதலில் பேட்டரி வயரை கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் போர்டு எரிந்து, பம்பர் செலவைவிட பெரிய செலவு வைக்கும்.

இதே இரும்பை சட்டமே வைக்கச் சொல்லும் இடமும் உண்டு. அது லாரியின் பின்பக்கம். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் கம்பி அது. ஐ.எஸ். 14812 என்ற தரத்தில் இருக்க வேண்டும். பல லாரிகளில் அது வளைந்தோ, உடைந்தோ தொங்குகிறது. பட்டறைக்காரர்களுக்கு வேலை அங்கே நிறைய இருக்கிறது.