நாத்தனாரின் மாத்திரை உங்களுக்கு ஆகாது

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் மாதவிடாய் நிற்கிற வயதில் இருக்கும் நம் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஹார்மோன் மாத்திரை பற்றி இரண்டு கட்சிகள்தான் தேறும். "ஐயோ, அது கேன்சர் கொண்டு வரும்" என்று வருஷக்கணக்காக ராத்திரி வியர்த்து, தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் ஒரு கட்சி. நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையின் காலி அட்டையை மெடிக்கல் ஸ்டோரில் நீட்டி, "இதே தாங்க" என்று வாங்கி விழுங்குபவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே டாக்டரைப் பார்ப்பதில்லை.

பயத்துக்கு வேர், 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஓர் ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜஸ்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் வருஷத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. பக்கவாதமும் அதே அளவு கூடியது. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. அதை யாரும் ஊர் ஊராகச் சொல்லவில்லை. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும் சொல்லவில்லை. 60 வயதுக்குள், அல்லது தீட்டு நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், வேறு கோளாறு இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே மிஞ்சும் என்பதுதான் இன்றைய மருத்துவக் கணக்கு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

சரி, நாத்தனாரின் அட்டைக்கு வருவோம். கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றாக மாறலாம்; புரோஜஸ்ட்டிரோனும் சேர வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். நாத்தனார் எடுத்தவர், நீங்கள் எடுக்காதவர் என்றால் அந்த அட்டை உங்களுக்கு ஆபத்து.

"எனக்கும் எடுத்தாச்சு" என்பவர்களிடம் சினைப்பை இருக்கிறதா என்று கேட்டால் விழிக்கிறார்கள். 40 வயதுக்கு முன்பே சினைப்பையையும் இழந்தவருக்கு எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கப்படும். இயல்பாகத் தீட்டு நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் தேவையா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சினைப்பை இருக்கிறதா என்பதற்குப் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது: 'டி.ஏ.ஹெச்.' என்றால் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, கூடவே 'பி.எஸ்.ஓ.' என்றிருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. அதையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

தொலைத்துவிட்டீர்களா? அறுவை நடந்த ஆஸ்பத்திரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அரசு மெடிக்கல் காலேஜ் என்றால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் லைப்ரரி, தனியார் என்றால் ரெக்கார்ட்ஸ் பிரிவு. பெயர், ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, அடையாள அட்டை நகல் போதும். விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்றே முடியும். 2002-ஆம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்று அதே விதி சொல்வதால், "பழசெல்லாம் போச்சு" என்று கையை விரிப்பார்கள். அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏடு கிடைக்காவிட்டால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் வழி.

காகிதம் கையில் வந்ததும் எஸ்.ஏ.டி. அல்லது தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரி மகளிர் ஓ.பி.க்குப் போங்கள். எந்த யூனிட்டுக்கு எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் கேரள அரசின் 'திசா' உதவி எண் 1056, எந்த நேரமும் கூப்பிடலாம். ரத்த அழுத்தமும் மார்பகமும் பார்க்காமல், வீட்டில் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று கேட்காமல் மாத்திரை எழுதினால் நீங்களே கேளுங்கள். ஆறு மாதத்துக்கு எழுதிய சீட்டை ஆறு வருஷம் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, காது கொடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். தீட்டு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது 'கடைசித் தீட்டு' அல்ல, சூடும் அல்ல. அன்றைக்கு ஹார்மோன் மாத்திரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் ஸ்கேன், உட்சவ்வு தடித்திருந்தால் பயாப்ஸி. பேத்தியின் பரீட்சை முடியட்டும், ஆற்றுகால் பொங்கல் கழியட்டும் என்று தள்ளாதீர்கள். ஒரே ஒரு சொட்டானாலும் அந்த வாரமே போங்கள்.