கரும்பின் குலமறிந்த அம்மையார்

கோ ரகக் கரும்பு செழித்து நிற்பதைக் கண்டு மகிழ்பவர் பலர். அதன் பிறப்பை ஆராய்ந்தோரை நினைப்பவர் சிலரே. 1912-ல் கோயமுத்தூரில் ஸ்தாபிக்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், சாறு மிகுந்த கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்துக் கோ 205 உண்டாக்கப்பட்டு, 1918-ல் வட இந்திய விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. கரும்பு இனிப்பையும், நாணல் உறுதியையும் தந்தன.

தலைச்சேரியில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றவர் ஜானகி அம்மாள். அவர் 1934 முதல் 1939 வரை இந்நிலையத்தில் பணிபுரிந்தார். பெற்றோர் குணங்களைச் சந்ததிக்குக் கொண்டு செல்லும் நுண்ணிய இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். வேர் நுனி போன்ற இளம் பாகங்களில் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் அவற்றை எண்ணிப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. சாறு மிகுந்த கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். ஆகையால், எந்த நாணலைச் சேர்ப்பது என்பது வெறுங்கண்ணால் பார்த்துத் துணியக்கூடியதன்று. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்தும் அவர் சோதித்தார்.

பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் விவரங்களை 1945-ல் நூலாக வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984-ல் காலமானார்.

எருதின் குலத்தை விசாரித்து வாங்கும் விவசாயி, விதைக்கரணையின் குலத்தையும் விசாரித்தல் வேண்டும். ரகங்களைக் கலவாமல் தனித்தனியே நட்டுப் பெயரைக் குறித்து வைப்பதே அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதை. கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைப்பார்களாக.