முதலில் குறுக்கு, பிறகு நெடுக்கு

கனடாவின் அல்கொன்குவின் பூங்காவில் பாக் ஏரிக்கரைத் தளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த கேம்பிங் டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு டொரன்டோவிலிருந்து வந்த களைப்பு, பிள்ளைகளுக்குப் பசி. வண்டியை நிறுத்தியதும் நான் செய்த முதல் வேலை டிரெய்லரைக் கழற்றியதுதான். முன்பக்க ஜாக்கியைச் சுற்றினேன். இணைப்புக் கிண்ணம் இரும்புக் குண்டை விட்டு மேலே எழும்பிய அந்த நொடியில், இரண்டரை டன் எடையுள்ள டிரெய்லர் பின்னால் நகர்ந்தது. ஜாக்கியின் பாதம் சரளையைக் கீறிக்கொண்டே ஒரு சாண் தூரம் போனது. பாதுகாப்புச் சங்கிலியை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. அது விறைத்தது, டிரெய்லர் நின்றது. அதற்குப் பின்னால் என் மகள் படுக்கைப் பையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தளத்திலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, சங்கிலியில கை வையாதேங்கோ! முதல்ல சில்லுக்குக் கட்டை வையுங்கோ" என்றவர், தன்னிடமிருந்த கட்டைகளைக் கொண்டுவந்து அவரே சக்கரங்களுக்குச் செருகினார். "நான் ஊரில லொறி ஓடினனான். கட்டை வைக்காமல் ஒண்டும் கழட்டுறேல்லை."

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. மேடுபள்ளமான தரையில் டிரெய்லரை மட்டமாக நிறுத்துவது கடினமான வேலை இல்லை. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் எளிய வேலையே ஆபத்தாகிவிடும்.

நம் மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டால் டிரெய்லர் எளிதில் புரியும். பாரத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் அச்சின் மேல். முன்னால் ஏர்க்கால் போல நீளும் இரும்புச் சட்டம். அதன் நுனியிலுள்ள கிண்ணம், இழுக்கும் வண்டியின் பின்னாலுள்ள இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்த நுனியில் இறங்கவேண்டும் என்பது இழுத்துச் செல்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. மாட்டை அவிழ்த்ததும் வண்டி முன்பக்கம் சாய்வதுபோலத்தான் இதுவும் சாயும். அந்த எடையைத் தாங்கத்தான் முன் ஜாக்கி. இரண்டரை டன் டிரெய்லர் என்றால் 250 கிலோவுக்குக் குறையாமல் அந்த ஒற்றைக் காலில் நிற்கிறது.

ஐரோப்பியக் கேரவன்களில் கைப்பிரேக் இருக்கும். வட அமெரிக்க டிரெய்லர்களில் பொதுவாக அது இல்லை. சக்கரங்களில் மின்சாரப் பிரேக் உண்டு, ஆனால் பொதுவாக இழுக்கும் வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் அது பிடிக்கும். கழற்றிவிட்டபின் டிரெய்லரை உருளவிடாமல் பிடித்து நிறுத்துவது சக்கரத்தடியில் இருக்கும் கட்டை மட்டுமே. 3 பாகைச் சரிவு கண்ணுக்குச் சரிவாகவே தெரியாது. அந்தச் சரிவில் இரண்டரை டன் டிரெய்லரைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை சுமார் 130 கிலோ எடைக்குச் சமம். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேர் நிற்பது அந்தக் கட்டையில்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு மட்டம் பார்க்கவேண்டும்? சாய்ந்த படுக்கையில் உருளாமல் தூங்குவதற்கு, கழுவுதொட்டியில் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு, கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருப்பதற்கு என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் உண்மையான காரணம் பல டிரெய்லர்களில் சமையல் மேடைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கிறது. அது குளிர்பதனப் பெட்டி.

வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் இருக்கும். பல டிரெய்லர்களில் உள்ள பெட்டியில் இரண்டும் இல்லை. கேஸ் அடுப்பில் எரிவதுபோன்ற ஒரு சிறு நீலச் சுடர்தான் அதை இயக்குகிறது. நெருப்பை மூட்டிக் குளிர் உண்டாக்கும் இந்த அமைப்பை 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முண்டர்ஸும் உருவாக்கினார்கள். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அது வேலைசெய்யும் விதம் அழகானது. பெட்டியின் முதுகில் வளைந்து வளைந்து ஓடும் மூடிய குழாய்களுக்குள் தண்ணீரும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அடியிலுள்ள கொதிகலனைச் சுடர் சூடாக்கும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. உச்சியில் குளிர்ந்து திரவமாகிறது. திரவம் கீழே வழிந்து, பெட்டிக்குள் இருக்கும் குழாயில் ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது பாலிலும் காய்கறியிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அம்மோனியா தண்ணீரில் கரைந்து கொதிகலனுக்குத் திரும்புகிறது. கீழே இறங்கும் பாதை முழுவதிலும் திரவத்தை நகர்த்துவது புவியீர்ப்பு ஒன்றுதான்.

குழாய்களின் சாய்வு மிகச் சிறியது. டிரெய்லர் சாய்ந்து நின்றால் அந்தச் சாய்வு கெட்டு, திரவம் ஏதாவது ஒரு வளைவில் தேங்கிவிடும். கொதிகலனுக்குத் திரும்பி வரவேண்டிய திரவம் வராது. சுடர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இரும்பு அரிக்காமல் இருக்கத் திரவத்தில் சோடியம் குரோமேட் என்ற உப்பைக் கலந்திருப்பார்கள். அதிக வெப்பத்தில் அது படிகமாகி உள்ளே அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுவதுதான் வழி. பல கையேடுகள் இந்தப் பெட்டிக்கு ஒரு திசையில் 3 பாகை, மற்றத் திசையில் 6 பாகை என்று சாய்வுக்கு வரம்பு வைக்கின்றன. ஓடும் டிரெய்லரில் இந்தக் கவலை இல்லை, குலுக்கலில் திரவம் தேங்காது. நிறுத்திவைக்கும்போதுதான் கவனம் வேண்டும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் வகைப் பெட்டி புதிய டிரெய்லர்களில் பெருகிவருகிறது. அதற்கு இவ்வளவு நுணுக்கமான மட்டம் தேவையில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று போதும். அதை டிரெய்லரின் தரையில், அச்சுக்கு நேர் மேலே குறுக்காக வைத்துப் பாருங்கள். இப்போது டிரெய்லர் வண்டியோடு மாட்டியபடியே இருக்கவேண்டும். குறுக்குமட்டத்தை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்: தாழ்ந்த பக்கத்தை உயர்த்த, அந்தப் பக்கச் சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றவேண்டும். ஏற்றுவதற்கு இழுவண்டி வேண்டும். கழற்றியபின் அது கைகூடாது. நெடுக்குமட்டத்துக்கோ முன் ஜாக்கி போதும், டிரெய்லரைக் கழற்றிய பிறகுதான் அதைச் சரிசெய்ய முடியும்.

எவ்வளவு உயர்த்துவது? இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகைச் சாய்வுக்கு மூன்றரை சென்டிமீட்டர். பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டைபோல ஒன்றில் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. தடித்த மரப்பலகையும் ஆகும். அடுக்கடுக்காக வைப்பதானால் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் படிபோல வையுங்கள். டயரின் முழு அகலமும் கட்டையின் மேல் உட்காரவேண்டும். ஓரம் தொங்கினால் டயரின் உள்நார்கள் கெட்டுப்போகும். வெடிப்பது இங்கே இல்லை, நெடுஞ்சாலையில். இரட்டை அச்சு டிரெய்லர் என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒரே உயரத்துக்கு ஏறவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு டயர் சுமக்கவேண்டிய பாரம் ஒன்றின் தலையில் விழும்.

ஏற்றும்போது ஒருவர் வெளியே நின்று வழிகாட்டட்டும். அவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் வண்டி நின்றுவிட வேண்டும். பிள்ளைகளை முதலில் தூரமாக உட்காரவைத்துவிடுங்கள். இதைச் சொல்லும் உரிமை அன்றைக்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

குறுக்குமட்டம் கிடைத்ததும் முட்டுக்கட்டை. இரு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னும் பின்னும், டயரோடு ஒட்டி அழுந்த வையுங்கள். அதன்பின்தான் முன் ஜாக்கி. அதன் பாதத்துக்கு அடியில் ஒரு பலகை போடாவிட்டால் மழை பெய்த மண்ணில் இறங்கிவிடும். கிண்ணம் குண்டை விட்டு எழும்பும்போது சட்டத்தின் மேல் காலைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். கிண்ணம் விடுபட்டபின் டிரெய்லர் அசைகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் சங்கிலியைக் கழற்றவேண்டும். என் மகளைக் காப்பாற்றியது நான் தற்செயலாக மிச்சம் வைத்திருந்த அந்தச் சங்கிலி.

இழுவண்டியை நகர்த்திவிட்டு ரசமட்டத்தை நீளவாக்கில் திருப்பி வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை ஜாக்கியைச் சுற்றுங்கள்.

நான்கு மூலைகளிலும் இருக்கும் சிறு கால்களை இறக்குவது கடைசி வேலை. பலரும் தவறு செய்யும் இடமும் இதுதான். அவை நடுக்கத்தை நிறுத்துவதற்கான கால்கள், தூக்குவதற்கானவை அல்ல. மட்டம் வரவில்லையே என்று ஒரு மூலையை அவற்றால் உயர்த்தினால் அடிச்சட்டம் முறுகும், கதவு சட்டத்தில் சிக்கும். தரையைத் தொட்டு இறுக்கமாக நின்றால் போதும். எந்த ஜாக்கியையும் நம்பி டிரெய்லருக்கு அடியில் நுழையாதீர்கள், உள்ளே உருண்டுபோன பந்தை எடுப்பதற்காக இருந்தாலும் சரி.

அடுக்கி அடுக்கியும் மட்டம் வரவில்லையென்றால் அந்தத் தளம் உங்கள் டிரெய்லருக்கு ஏற்றதில்லை. பூங்கா அலுவலகத்தில் வேறு இடம் கேளுங்கள். கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசையில்: மூலைக்கால்களை ஏற்றி, டிரெய்லரை மாட்டி, பூட்டி, சங்கிலி போட்ட பிறகே முட்டுக்கட்டையை எடுக்கவேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவியை வாங்கும்போதே டிரெய்லரின் சாமான் பெட்டியைத் திறந்து, முட்டுக்கட்டை நான்கும் மட்டக்கட்டைகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.