பின்னங்கால் விழுந்த முயலைப் பேணுவது எப்படி?

ஆடு, மாடு, கோழி என்று பேசி வரும் இந்த வரிசையில் இன்றைக்கு முயலை எடுத்துக்கொள்வோம். கறிக்கு வளர்க்கும் முயல் அல்ல; வீட்டில் பிள்ளைகள் செல்லமாக வளர்க்கிற முயல். "அது பட்டணத்துக்காரங்க கவலை, நமக்கென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் விலைபோகிற முயல் குட்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொட்டிலில் பிறந்ததுதான். அங்கிருந்து கூடையில் ஏறி அது கீழ்க்கட்டளைக்கோ குரோம்பேட்டைக்கோ போய்ச் சேருகிறது. ஏரியும் வயலுமாக இருந்த கீழ்க்கட்டளை, 2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று மாடி வீடுகள் நெருங்கிய புறநகர். கொட்டிலில் கோணிமேல் வளர்ந்த குட்டிக்கு அங்கே கிடைப்பது வழவழப்பான டைல்ஸ் தரை.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒருநாள் காலையில், "முயல் பின்னங்காலை இழுத்துக்கிட்டுப் போகுதுங்க" என்ற பேச்சு எழும். முன்னங்கால் இரண்டும் நன்றாக இருக்கும். இடுப்புக்குக் கீழே துணி போலத் தொங்கும். "இனி பிழைக்காது" என்று பாதிப்பேர் கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் கால் விழுந்ததாலேயே முயல் சாவதில்லை. ஈரம், புண், புண்ணில் வைக்கும் புழு, நின்றுபோகிற தீனி ஆகிய நான்கும்தான் அதைக் கொல்கின்றன. இந்த நான்கையும் தடுப்பது மருத்துவர் கையில் இருப்பதைவிட வளர்ப்பவர் கையில்தான் அதிகம் இருக்கிறது.

கால் ஏன் விழுகிறது?

காரணம் பல உண்டு. அடிக்கடி காண்பவை மூன்று.

முதலாவது, முதுகெலும்பு முறிவு. முயலின் உடம்பைப் பாருங்கள். பின்னங்கால் தசை மிகவும் வலுவானது, எலும்போ மெலிந்தது. பூனையின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு எலும்பு என்றால், முயலுக்கு ஏழு, எட்டுப் பங்குதான். காதைப் பிடித்துத் தூக்கும்போது, அல்லது பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கும்போது, முயல் பயந்து ஓர் உதை உதைக்கும். அந்த உதையின் வேகத்தை அதன் முதுகெலும்பே தாங்காது. இடுப்புப் பகுதியில் உள்ள 7 எலும்புகளில் கடைசி எலும்பை ஒட்டித்தான் பெரும்பாலும் முறியும். உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கினால் கால் விழுந்துவிடும். கீழே விழுந்துதான் முறிய வேண்டும் என்பதில்லை. கூண்டுக்குள் இருந்தபடியே, இரவில் நாயோ பூனையோ வந்து மிரட்டினாலும், தீபாவளி வெடிச் சத்தத்திலும் துள்ளி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் முயல்கள் உண்டு.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. 'என்செபலிட்டோசூன்' என்று பெயர். இளம் முயல்களுக்கு வந்த வாதத்தை ஆராய்ந்த இரண்டு விஞ்ஞானிகள் 1922-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நோயுள்ள முயலின் மூத்திரத்தில் வெளிப்பட்டு, அந்த மூத்திரம் பட்ட தீனி வழியாகவும், தாயின் கருப்பையிலிருந்து குட்டிக்கும் பரவுகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கால் தள்ளாடுதல், தலை ஒருபக்கம் சாய்தல், கண்ணில் வெண்மை படர்தல், மூத்திரம் தானாகக் கசிதல் ஆகியவை இதற்கு அடையாளம்.

மூன்றாவது, குட்டிகளுக்கு வரும் கால் விரிதல். வழுக்கும் தரையில் வளரும் குட்டிக்குப் பிடிமானம் கிடைக்காமல் கால் பக்கவாட்டில் விரிந்துபோகும். பிறவியிலேயே வருவதும் உண்டு. இளங்குட்டியில் கவனித்தால், மருத்துவர் காலைச் சேர்த்துக் கட்டிச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. வளர்ந்த பிறகு கஷ்டம்.

இவை தவிர, கம்பித் தரையில் நின்று உள்ளங்கால் புண்ணான முயலும் நடக்க மறுக்கும். ஆகவே காலைத் திருப்பி அடிப்பாகத்தையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

முதல் நாளில் செய்ய வேண்டியது

முறிவு என்ற சந்தேகம் வந்தால் முயலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. நிற்க வைத்துச் சோதிக்கவும் கூடாது. ஒரு பலகையையோ கெட்டியான அட்டையையோ பக்கத்தில் வைத்து, முயலை மெல்ல அதன்மேல் நகர்த்தி, அப்படியே ஒரு பெட்டிக்குள் இறக்குங்கள். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அண்டை கொடுங்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கீழ்க்கட்டளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

மருத்துவர் படம் எடுப்பார். கால்விரல் நடுவே கிள்ளியும் பார்ப்பார். கிள்ளும்போது கால் சுருங்கினால் மட்டும் உணர்வு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. முயல் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, விலகப் பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. உணர்வு மிச்சம் இருந்தால், சில வாரங்கள் சின்னக் கூண்டில் அசையாமல் வைத்துத் தேற்றிப் பார்க்கலாம்.

"புத்தூர்க் கட்டு போட்டால் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கால் எலும்புக்குக் கட்டு போடலாம். நசுங்கிய தண்டுவடத்துக்கு எந்தக் கட்டும் இல்லை. முயலின் வயிற்றை இறுக்கிக் கட்டினால் மூச்சுதான் திணறும்.

ஒட்டுண்ணி என்று மருத்துவர் கருதினால், ஆட்டுக்குக் குடற்புழு நீக்கத் தருகிறோமே, அந்த பென்பெண்டசோல் மருந்தைத்தான் தினம் ஒரு வேளை 28 நாட்களுக்குத் தரச் சொல்வார். ஆட்டுக்கு வாங்கியது மீந்திருக்கிறது என்று நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மருந்துகளை முயலின் வாயில் ஊற்றவே கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகும்.

தினமும் செய்ய வேண்டிய பணிவிடை

இனிதான் வளர்ப்பவர் வேலை. முதல் வேலை, ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வது. கால் விழுந்த முயல் தன் மூத்திரத்திலேயே கிடக்கும். இரண்டே நாளில் தோல் வெந்து மூத்திரப் புண் வரும். அடியில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள். மேலே உலர்ந்த மெல்லிய புல்லைப் பரப்புங்கள். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன் என நாலுவேளை தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். முழுக்குளியல் வேண்டவே வேண்டாம். பின்பக்கத்து முடியைக் கத்தரித்து விட்டால் சுத்தம் செய்வது சுலபம்.

சில முயலுக்கு மூத்திரம் தானாக இறங்காது. அடிவயிறு உருண்டு கெட்டியாக இருக்கும். அழுத்தி இறக்க ஒரு முறை இருக்கிறது. மருத்துவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்த பிறகே அதைச் செய்யலாம். ஏனோதானோ என்று அமுக்கினால் மூத்திரப்பை கிழிந்துவிடும்.

அடுத்தது ஈ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீழ்க்கட்டளை மாதிரி ஏரியை ஒட்டிய ஊர்களில் எதுவும் சீக்கிரம் காயாது. அழுக்கு நாற்றத்துக்கு ஈ வந்து முட்டையிட்டால், ஒரே நாளில் புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கூண்டைக் கொசுவலையால் மூடுங்கள். காலையிலும் மாலையிலும் வாலடியைப் பிரித்துப் பாருங்கள். புழு கண்டால் அது அவசரம். அந்த நிமிடமே மருத்துவரைத் தேடுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் உள்ள பிப்ரோனில் முயலுக்கு விஷம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு தீனி. புல்லும் தண்ணீரும் வாய்க்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீரைக் கவிழாத கனமான, ஆழமில்லாத கிண்ணத்தில் வையுங்கள். அருகம்புல், உலர்ந்த புல் இவைதான் பிரதானம். "எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேணுமே" என்று அகத்தியும் முருங்கைக்கீரையும் குதிரைமசாலும் நிறையப் போடாதீர்கள். முயல் உடம்பு மிஞ்சிய சுண்ணாம்பை மூத்திரத்தில்தான் தள்ளும். படுத்தே கிடக்கும் முயலுக்கு அது மூத்திரப்பையில் சேறு போலத் தங்கிவிடும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். உருண்டையாக, காய்ந்து விழுவது கழிவு. திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வருவது கழிவு அல்ல. வைட்டமினும் புரதமும் நிறைந்த உணவு. நல்ல முயல் குனிந்து அதை நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். இடுப்பு வளையாத முயலால் முடியாது. அது பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து, ஈயையும் அழைக்கும். அதை எடுத்து முயலின் வாயருகே வையுங்கள், தானே தின்னும். அருவருப்புப் படாதீர்கள், அது அதற்கு மருந்து மாதிரி.

அரைநாள் தின்னாமல் இருந்தாலே முயலுக்கு ஆபத்து, குடல் நின்றுபோகும். முயல் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள். வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

கோடையையும் மறக்கக் கூடாது. 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குத் தாங்காது. மற்ற முயல் நகர்ந்து நிழலுக்குப் போகும், இது போகாது. காலையில் நிழலாக இருந்த பால்கனி மதியம் அடுப்பாகிவிடும். சித்திரை, வைகாசியில் உள்ளறையில்தான் வைக்க வேண்டும்.

மூத்திரத்தால் நோய் பரவும் என்பதால், வேறு முயல் இருந்தால் பிரித்து வையுங்கள். தட்டு, கிண்ணங்களைக் கொதிக்கும் நீரில் கழுவுங்கள். சுத்தம் செய்தபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

எதுவரைக்கும் பார்ப்பது?

இப்படிப் பார்த்தால் சில முயல் மறுபடி தத்தும். சில முயல் கால் வராமலே, முன்னங்காலால் ஊர்ந்து, நன்றாகத் தின்று, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கிலும் வாழும். ஆனால் உணர்வே இல்லை, புண் ஆறவில்லை, தீனியில் நாட்டமில்லை, வலியில் பல்லை நறநறவென்று கடிக்கிறது என்றால், மருத்துவரிடம் கேட்டு வேதனையில்லாமல் அதன் உயிரை விடுவிப்பதும் ஒரு பணிவிடைதான். பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

விற்பவருக்கும் பங்கு உண்டு

கடைசியாக, முயல் வளர்த்து விற்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்காதீர்கள். தலை சாய்ந்த முயலையும் கால் தள்ளாடும் முயலையும் இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். வாங்குபவர் காசு கொடுக்கும்போது, ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து, முயலை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் காட்டுங்கள். "காதைப் பிடிக்காதீங்க, வழவழத் தரையில விடாதீங்க, கோணி போடுங்க, தீபாவளி அன்னைக்கு உள்ளே வையுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். வாங்குபவரோடு வந்திருக்கும் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்கள் பார்க்கவே ஒருதரம் சரியாகத் தூக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் ஒரு முயலின் இடுப்பைக் காப்பாற்றும்.