தேய்மானமும் மூல அளவும்: பழுதுநீக்கக் கடைசல் தொழிலில் அளவறிவு

முன்னுரை

கடைதல் என்னும் வினை, தயிர் கடைவதையும் மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு உருத்திரட்டுவதையும் ஒருங்கே குறிக்கிறது. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் இத்தொழில் இன்றும் ‘கடைசல்’ என வழங்குகிறது. புதிய உறுப்பை வரைபடம் கொண்டு கடையலாம். பழுதுநீக்கத்தில் பெரும்பாலும் வரைபடம் இராது. தேய்ந்த உறுப்பின் மூல அளவை மீட்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மூல அளவை மீட்டல்

மோட்டார் ஷாஃப்டில் பேரிங் அமரும் இடம் தேய்ந்திருப்பின், மைக்ரோமீட்டர் காட்டுவது தேய்ந்த அளவையே. மூல அளவுக்குப் பேரிங் எண் சான்றாகிறது. 6205 என்பதன் இறுதி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மி.மீ. எனப் பெறப்படும். பரவலாகக் கொள்ளப்படும் கே6 பொருத்தத்தில் ஷாஃப்டின் விட்டம் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம். குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் வழுக்கி, ஷாஃப்ட் மீண்டும் தேயும். மிகுந்தால் குண்டுகளுக்குரிய இடைவெளி சுருங்கிப் பேரிங் சூடேறும்.

வெப்பமும் அளவும்

தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, இரு முனைகளிலும் உள்ள சென்டர் குழிகளை ஆதாரமாகக் கொண்டு கடைந்து, கிரைண்டிங்கில் இறுதி அளவுக்குக் கொணர்வர். வெப்பநிலை 30 பாகை செல்சியசு உயர்ந்தால் 25 மி.மீ. எஃகுத் தண்டின் விட்டம் ஏறத்தாழ 0.009 மி.மீ. விரியும். அனுமதிக்கப்பட்ட வேறுபாடோ 0.013 மி.மீ. மட்டுமே. எனவே சூட்டில் சரியெனக் கண்ட அளவு ஆறியபின் குறைந்துவிடக்கூடும். ஆறவிட்டு அளப்பது இத்தொழிலின் இன்றியமையாத ஒழுங்காகும்.

முடிவுரை

பழுதுநீக்கக் கடைசல் கைத்திறன் மட்டுமன்று; எஞ்சியதைக் கொண்டு இழந்ததை உய்த்துணரும் அறிவுமாகும். எழுதப்படாத இவ்வறிவைத் தொழிலாளரின் சொற்களோடு சேர்த்துப் பதிவுசெய்வது தமிழ்த் தொழிற்சொல் ஆய்வின் கடமையாகும்.