அடுக்களை அரங்கேறியது

உருமாறித் தேரோட்டியாய் வந்திருந்த நளனைத் தமயந்தி தெளிந்து கொண்டமைக்கு, அவன் சமைத்த உணவின் சுவையும் ஒரு காரணம் என்பது நாமெல்லோரும் அறிந்த கதை. முகம் மாறினும் கைப்பக்குவம் மாறாது போலும். அத்தகைய கைப்பக்குவத்தை இலட்சக்கணக்கானோர் காண அரங்கிலேற்றிப் போட்டிக்கு விடுதல் இக்காலத்துப் புதுமையாகும்.

1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் ‘மாஸ்டர்செஃப்’ என்னும் போட்டியைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2009இல் அது அவுஸ்திரேலியாவிற் பரவி, வீடுதோறும் மாலைப்பொழுதை ஆட்கொண்டது. அவ்வாண்டு வெற்றி பெற்ற ஜூலி குட்வின் மூன்று பிள்ளைகளின் தாய். மறு ஆண்டிலோ, பொதுத் தேர்தலையொட்டி அரசியற் தலைவர் இருவர் நடத்தவிருந்த விவாதம், போட்டியின் இறுதி நிகழ்ச்சி ஒளிபரப்போடு மோதாதிருக்கும் பொருட்டு முன்னதாகவே நடத்தப்பட்டது. நாட்டையாளும் பேச்சும் அடுப்பங்கரைக்கு வழிவிட்டு நின்றதெனலாம்.

போட்டியிடுவோர் சமையலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். மூடிய பெட்டியொன்றைத் திறந்ததும் உள்ளே இருப்பவற்றைக் கொண்டு, குறித்த நேரத்துள் ஓர் உணவை ஆக்கிப் படைத்தல் ஒருவகைச் சோதனை; தேர்ந்த சமையற் கலைஞர் ஒருவரின் கடினமான பண்டத்தை அவ்வண்ணமே செய்துகாட்டல் இன்னொரு வகை. பார்த்திருக்கும் நமக்கோ மணமுமில்லை, சுவையுமில்லை. நடுவர் முகத்தைக் கொண்டே உப்புக் கூடிற்றா, குறைந்ததா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது!

2018ஆம் ஆண்டின் வெற்றியாளர் நம்மவர்க்குப் பெருமிதந் தருபவர். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, அடிலெயிட் நகரில் சிறைச்சாலை அலுவலராயிருந்த சசி செலையா, இறுதிப் போட்டியில் நூற்றுக்கு 93 புள்ளிகள் பெற்றார். பின்னர் அந்நகரில் உணவகமொன்றைத் திறந்தார்.

எனினும், நம் சிந்தனையை மிகவும் கிளறுவது 2021ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியே. வங்காளிப் பெற்றோருக்கு மெல்போர்ணிற் பிறந்த கிஷ்வர் சௌத்ரி என்னும் பெண்மணி, அந்நாளில் நடுவர் முன் வைத்தது என்ன? புகைமணம் ஏற்றிய சோற்றுநீர், உருளைக்கிழங்கு மசியல், மத்தி மீன்! வங்காளத்து உழவர் உண்ணும் ‘பாந்தா பாத்’ என்னும் நீர்ச்சோற்றின் உருவமே அது. இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் உண்ணும் பழஞ்சோறு நமக்குப் புதிதா? வெங்காயமும் பச்சை மிளகாயும் மோரும் சேர்த்து, முதல்நாட் கறியோடு பிசைந்துண்டு வயலுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் அல்லமோ நாம்? ஆயினும், விருந்தினர் வந்தால் அதை மறைத்து வைப்பதே நம் வழக்கம்.

கிஷ்வர் மறைக்கவில்லை. முதற்பரிசு ஜஸ்டின் நாராயண் என்பவருக்கே சென்றது. கிஷ்வருக்குக் கிடைத்தது மூன்றாமிடம். ‘இதுவுமொரு போட்டி உணவா?’ என்று நகைத்தோரும் உளர். ஆனால், வங்காளிகள் பலர் தம் பாட்டியாரின் அடுக்களை உலகவரங்கில் மதிக்கப் பெற்றதெனக் களிகூர்ந்தனர். தம் குடும்பச் சமையலைத் தம் பிள்ளைகளுக்காக ஒரு நூலாக்கி வைத்தலே கிஷ்வரின் பேரவா. பரிசினும் இவ்வெண்ணமே நம்மைப் பெரிதுங் கவர்கின்றது.

ஏனெனில், நம் இல்லங்களிலும் இவ்வறிவு ஏட்டிலில்லை, கையிலேதான் இருக்கின்றது. ஒடியற் கூழுக்கு எவ்வளவு புளி என்று கேட்டால், “கண்ணளவுதான் பிள்ளை” என்பார் ஆச்சி. அக்கண்ணும் கையும் ஓய்ந்த பின்னர் எவரிடஞ் சென்று கேட்போம்? பிள்ளைகள் கடல்கடந்து வாழும் இந்நாளில் இக்கேள்வி இன்னுங் கூர்மையுடையது.

ஆகவே, அன்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்திவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலுமாக ஆச்சியின் அடுப்பருகே அமருங்கள். அவர் கையள்ளிப் போடுமுன் அதைக் கரண்டியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் சினப்பார், பின்பு சிரிப்பார். குறிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.